டிராக்டர் டிரெய்லருக்குத் தகுந்த பிரேக்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் மானாவாரி நிலமே மிகுதி. மக்காச்சோளமும் பருத்தியும், சின்ன வெங்காயமும் கரும்பும், கிழக்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கங்களில் முந்திரியும் விளையும் இப்பிரதேசத்தில், விளைபொருளைக் களத்திலிருந்து கமிட்டிக்கோ ஆலைக்கோ கொண்டு சேர்க்கும் வேலையைக் கட்டை வண்டியிடமிருந்து டிராக்டர் ஏற்றுக்கொண்டு பல வருஷங்கள் ஆகின்றன. புதிய டிராக்டர் வாங்கப் புறப்படும் குடியானவர் அதன் குதிரைச் சக்தி எவ்வளவு, மணிக்கு எவ்வளவு டீசல் செலவாகும், கலப்பையை எவ்வளவு ஆழத்தில் இழுக்கும் என்று நாலு இடங்களில் விசாரிக்கிறார். பின்னால் பூட்டப்போகும் டிரெய்லரைச் சுமையோடு எது நிறுத்தும் என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. இழுக்கும் சக்தியைப் பற்றி விற்பவர் தாமாகவே சொல்வார். நிறுத்தும் சக்தியைப் பற்றி வாங்குபவர்தான் கேட்க வேண்டும்.

கட்டை வண்டிக்காலத்தில் இக்கேள்வி பெரிதாக எழவில்லை. நன்றாகப் பழகிய மாடு பள்ளத்தில் இறங்கும்போது நுகத்தடி கொம்பை நோக்கித் தள்ளுவதை உணர்ந்து, கால்களை ஊன்றி வண்டியைத் தாங்கிக்கொள்ளும். ஏற்றிய பாரமும் ஒரு டன்னைச் சுற்றியே இருந்தது. வேகமும் மனிதன் நடக்கும் வேகமே. டிராக்டருக்கு அவ்வுணர்வு கிடையாது. பின்னால் இருப்பது அதைப்போல் மூன்று நான்கு மடங்கு எடை. வேகமோ மணிக்கு 20 கிலோமீட்டர், சில சமயம் 30.

நிறுத்துவது எது?

பிரேக் வண்டியை நிறுத்துகிறது என்று சொல்வது வழக்கம். உண்மையில் நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் இடையேயுள்ள பிடிப்பே. பிரேக் சக்கரத்தின் சுழற்சியைத் தடுக்கிறது. அத்தடையைத் தரையின்மேல் செலுத்துவது டயர். அதன் பிடிப்பு, அதன்மேல் அழுந்தும் எடையைப் பொறுத்தது. உலர்ந்த தார்ச்சாலையில் எடையின் பத்தில் ஆறு பங்கு பிடிப்பாகக் கிடைக்கும் என்று வைத்துக் கணக்கிடலாம். வயலிலிருந்து டயரில் ஒட்டி வந்த கரிசல் மண் சாலையில் படிந்து, அதன்மேல் ஒரு தூற்றல் விழுந்திருந்தால் அது பத்தில் மூன்று பங்காகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும்.

சாதாரண விவசாய டிராக்டர்களில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. 2,000 கிலோ எடையுள்ள ஒரு டிராக்டரில் பின்சக்கரங்களின்மேல் சுமார் 1,300 கிலோ அழுந்துவதாகக் கொள்ளலாம். அதில் பத்தில் ஆறு பங்கு 780 கிலோ. பிரேக் எவ்வளவு உயர்ந்த ரகமானாலும், டிரைவர் எவ்வளவு பலமாக மிதித்தாலும், அந்த டிராக்டர் உலர்ந்த சாலையில் காட்டக்கூடிய தடை 780 கிலோ எடைக்குச் சமமானதே. அதற்கு மேல் மிதித்தால் சக்கரம் நின்றுபோய் டயர் தேயும், தடை கூடாது.

டிராக்டர் தனியாக 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் இந்தத் தடையில் சுமார் 4 மீட்டரில் நின்றுவிடும். 30 கிலோமீட்டர் வேகமானால் 9 மீட்டர். இதே டிராக்டருக்குப் பின்னால் பிரேக் இல்லாத ஒரு நான்கு சக்கர டிரெய்லர், தன் எடையும் கரும்பும் சேர்த்து 8,000 கிலோவோடு வருவதாக வைத்துக்கொண்டால், தடை அதே 780 கிலோதான். நிறுத்த வேண்டிய எடையோ 10,000 கிலோ. 20 கிலோமீட்டர் வேகத்தில் 20 மீட்டரும், 30 கிலோமீட்டர் வேகத்தில் 45 மீட்டரும் ஓடியே நிற்கும். டிரைவர் ஆபத்தைக் கண்டு காலை எடுத்து வைக்கும் ஒரு விநாடியில் ஓடும் 5 முதல் 8 மீட்டர் இக்கணக்கில் சேரவில்லை.

சமதரையில் நிலைமை இது. ஏரிக்கரையிலிருந்து இறங்கும் பாதைகளிலும், பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூர், மலையாளப்பட்டிச் சுற்றுப்புறத்திலும் 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் தாழும் சரிவு அபூர்வமன்று. அத்தகைய சரிவில் 10,000 கிலோ எடையுள்ள வண்டித்தொடரைப் பூமியின் ஈர்ப்பு 500 கிலோ விசையோடு கீழே இழுக்கிறது. உலர்ந்த சாலையில் 780 கிலோவிலிருந்து இந்த 500 போக, நிறுத்துவதற்கு எஞ்சுவது 280 கிலோ மட்டும். 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும் 55 மீட்டருக்கு மேல் ஓடும். ஈரச்சாலையிலோ கிடைக்கக்கூடிய மொத்தத் தடையே 390 கிலோ. கீழே இழுக்கும் விசை அதைவிட அதிகம். பிரேக்கை முழுதும் மிதித்து, பின்சக்கரங்கள் இரண்டும் சுழலாமல் நின்ற பின்னும் வண்டி நிற்காது. மேலும் மேலும் வேகம் பிடிக்கும். டிரைவரின் சாமர்த்தியத்துக்கு அங்கே வேலை இல்லை. "பிரேக் பிடிக்கவில்லை" என்று விபத்துக்குப் பின் சொல்லப்படுவதில் ஒரு பகுதி இவ்வகையைச் சேர்ந்தது. பிரேக் பிடித்துத்தான் இருக்கும்; பிடித்த இடத்தில் எடை போதாது.

டிரெய்லரின் சக்கரங்களுக்கே பிரேக் இருந்து, அது டிரெய்லர் எடையில் கால் பங்கு அளவே தடை காட்டினாலும், 2,000 கிலோ தடை கூடுகிறது. மொத்தம் 2,780 கிலோ. சமதரையில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு 6 மீட்டருக்குள்ளும், 30 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 13 மீட்டரிலும் வண்டி நிற்கும். மேற்சொன்ன ஈரச் சரிவிலும் 20 கிலோமீட்டர் வேகத்தில் வருவது 8, 9 மீட்டரில் நின்றுவிடும். சுமை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிடிப்பும் இருக்கிறது. ஆகவே பிரேக்கும் அங்கேதான் இருக்க வேண்டும்.

தூரம் ஒருபுறமிருக்க, பிரேக் இல்லாத டிரெய்லரால் விளையும் இன்னொரு கேடு உண்டு. டிராக்டர் மெதுவானதும் டிரெய்லர் அதைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. இரண்டும் நேர்கோட்டில் இருக்கும்வரை பெரிய தீங்கில்லை. வளைவில் அப்படித் தள்ளினால் டிராக்டரின் பின்பகுதி பக்கவாட்டில் ஒதுக்கப்பட்டு, இரண்டும் கத்தியை மடக்கினாற்போல் ஒன்றன்மேல் ஒன்று மடங்கும். டிராக்டர் கவிழ்வதும் பெரும்பாலும் அப்பொழுதுதான். மட்கார்டின்மேல் உட்கார்ந்து வருபவர் தப்புவது அரிது. அங்கே ஆளை ஏற்றுவதே தகாது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது மிதிகளைப் பற்றியது. டிராக்டரில் இடப்பின்சக்கரத்துக்கு ஒரு பிரேக் மிதியும் வலப்பின்சக்கரத்துக்கு ஒன்றும் தனித்தனியே உள்ளன. உழவில் வரப்போரம் சட்டென்று திரும்புவதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. சாலைக்கு வரும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்டும் தகட்டைப் போட்டேயாக வேண்டும். பூட்டாமல் சுமையோடு ஓடும்போது ஒரு மிதி மட்டும் அழுந்தினால், எவ்வளவு நல்ல டிரெய்லர் பிரேக்கும் உதவாது. டிராக்டர் அந்தப் பக்கமே சுழலும்.

நல்ல டிரெய்லர் பிரேக்கின் லட்சணம்

மூன்று கேள்விகளுக்கு விடை கண்டால் எந்த ரகத்தையும் மதிப்பிட்டுவிடலாம். டிரைவர் மிதிக்கும் அளவுக்கு ஏற்ப டிரெய்லர் பிரேக் கூடிக் குறைகிறதா, அல்லது ஒரேயடியாகப் பிடிக்கிறதா? டிராக்டர் பிரேக்குக்கு ஒரு கணம் முந்தியாவது, கூடவேயாவது அது பிடிக்கிறதா? கொக்கி கழன்றோ குழாய் அறுந்தோ போனால் டிரெய்லர் தானே நிற்குமா?

மூன்றாவது கேள்வியின் அருமையை உலகம் ஒரு பெரிய துயரத்தின் மூலம் கற்றது. 1889-ஆம் வருஷம் ஜூன் மாதம் 12-ஆந் தேதி, அயர்லாந்தில் அர்மா என்னும் ஊரிலிருந்து குழந்தைகளும் பெற்றோர்களுமாகப் புறப்பட்ட உல்லாசப் பயண ரயிலொன்று மேட்டில் ஏறமாட்டாமல் நின்றது. வண்டித்தொடரை இரண்டாகக் கழற்றி, முன்பாதியை முதலில் கொண்டுபோய்விட்டுப் பிறகு பின்பாதிக்கு வரலாம் என்று தீர்மானித்தார்கள். அந்த ரயிலின் வாக்குவம் பிரேக், குழாய் இணைந்திருக்கும்வரை மட்டுமே வேலை செய்யும் வகை. கழற்றியவுடன் பின்பாதிப் பெட்டிகளின் பிரேக் விட்டுப்போயிற்று. சக்கரங்களுக்கு அடியில் வைத்த கற்கள் நிற்கவில்லை. பெட்டிகள் சரிவில் பின்னோக்கி உருண்டு, அடுத்து வந்த ரயிலின்மேல் மோதிச் சுமார் 80 பேர் மாண்டனர். இணைப்பு அறுந்தால் தானாகவே பிடிக்கும் பிரேக் பிரயாணி ரயில்கள் அனைத்திலும் இருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அதே வருஷம் சட்டம் செய்தது. டிரெய்லருக்கும் நியாயம் இதுவே. சக்கரத்துக்குக் கல் வைக்கும் வழக்கம் நம் சாலைகளில் இன்றும் உண்டு.

ரகங்கள்

கையால் இழுக்கும் பிரேக். டிரெய்லரின் ஏர்க்காலருகே ஒரு நெம்புகோலும் கம்பியும் கொண்டது. ஓடும் வண்டியில் இதனை இயக்க டிரைவர் பின்னால் திரும்பிக் கை நீட்ட வேண்டியிருக்கும். ஆகையால் ஓட்டத்தில் இது பிரேக் ஆகாது. நிறுத்தி வைப்பதற்கு மட்டும் அவசியமானது. வேறெந்த ரகத்தைத் தேர்ந்தாலும் இதுவும் கூடவே இருக்க வேண்டும். எண்ணெய் அழுத்தத்தால் பிடித்த பிரேக் சில மணி நேரத்தில் மெல்ல இளகிவிடக்கூடும். கம்பியால் இறுக்கியது இளகாது.

தள்ளு பிரேக். டிராக்டர் மெதுவாகும்போது டிரெய்லர் முன்னே தள்ளுமல்லவா? அந்தத் தள்ளுதலைக் கொண்டே ஏர்க்காலின் நுனியிலுள்ள தண்டு உள்ளே நகர்ந்து பிரேக்கை இறுக்குமாறு செய்த அமைப்பு இது. டிராக்டரில் எந்த மாறுதலும் தேவையில்லை. சுமை அதிகமானால் தள்ளுதலும் அதிகமாகித் தடை தானே கூடும். செலவும் குறைவு. ஆனால் தள்ளிய பிறகே பிடிக்கும், முந்திப் பிடிக்காது. பின்னோக்கி நகர்த்தும்போதும் தள்ளுதல் ஏற்படுவதால், அதற்கென்று பூட்டு இல்லாவிட்டால் பிரேக் பிடித்துக்கொள்ளும். அப்பூட்டைப் பின்னால் நகர்த்தியபின் எடுக்க மறந்தால் பிரேக்கே இல்லை. நீண்ட சரிவில் இறங்கும்போது இடைவிடாமல் உரசி டிரம் காய்ந்துபோகும். ஐரோப்பாவில் மோட்டார் கார்களின் டிரெய்லர்களுக்கு இவ்வகையை 3,500 கிலோ மொத்த எடை வரையில்தான் அனுமதிக்கிறார்கள். பிரேக்கே இல்லாத டிரெய்லரை அங்கே கார் இழுக்கலாகும் உச்ச வரம்பு 750 கிலோ என்பதையும் இங்குள்ள வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஹைட்ராலிக் பிரேக். டிராக்டரின் ஹைட்ராலிக் எண்ணெயையே பயன்படுத்துவது. டிராக்டரில் டிரெய்லர் பிரேக்குக்கென்று ஒரு தனி வால்வு இருக்க வேண்டும். பிரேக் மிதியை எவ்வளவு அழுத்துகிறோமோ அதற்கு ஏற்ற அழுத்தத்தை அந்த வால்வு பின்னாலுள்ள சிலிண்டர்களுக்கு அனுப்பும். தடை உடனே கிடைக்கும், அளவாகவும் கிடைக்கும். இதில் பட்டறைகளில் செய்யத் துணியும் ஒரு தவற்றை வன்மையாகத் தடுக்க வேண்டும். டிப்பரைத் தூக்குவதற்காக டிராக்டரின் பின்புறம் அமைந்த எண்ணெய் வாயிலேயே பிரேக் குழாயைச் செருகி, தூக்கும் நெம்புகோலால் பிரேக் போடுவது எளிதாகத் தோன்றும். தூக்கும் வேலைக்குரிய முழு அழுத்தமும் அப்பொழுது ஒரே வீச்சில் பிரேக்கின்மேல் பாயும். சக்கரங்கள் நின்றுபோய் வண்டி சறுக்கும். காலியாக வரும் டிரெய்லரானால் பக்கவாட்டில் வீசும். மேலும், அவசர நேரத்தில் டிரைவரின் கால் தானே மிதியைத் தேடும், கை நெம்புகோலைத் தேடாது.

ஒரே குழாயுள்ள ஹைட்ராலிக் பிரேக்கில் அக்குழாய் அறுந்தால் எஞ்சுவது ஒன்றுமில்லை. இக்குறையைக் கருதியே ஐரோப்பிய ஒன்றியம் 2015/68 என்னும் எண்ணுடைய விதியின் மூலம் விவசாய வண்டிகளில் ஒரே குழாய் முறையைப் படிப்படியாக விலக்க முற்பட்டது. இரண்டு குழாய் முறையில் ஒன்று கட்டளையைக் கொண்டுசெல்லும். மற்றொன்று டிரெய்லரில் அழுத்தத்தைச் சேமித்து வைத்து, அது குறைந்தால் பிரேக்கைப் பிடிக்கச் செய்யும்.

காற்று பிரேக். லாரிகளில் காண்பது. டிராக்டரின் எஞ்சினால் ஓடும் கம்பிரஸரும், டிரெய்லரில் காற்றுத் தொட்டியும் வேண்டும். சிவப்புக் குழாய் தொட்டிக்குக் காற்று கொடுக்கும்; மஞ்சள் குழாய் மிதியின் கட்டளையைக் கொண்டுசெல்லும். சிவப்புக் குழாய் அறுந்தால் டிரெய்லர் பிரேக் தானே இறுகும். மூன்று கேள்விகளுக்கும் ஒருங்கே விடை தருவது இதுவே. இந்த இரு ஜில்லாக்களில் இதற்கு இன்னுமொரு சௌகரியம் உண்டு. அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் இருப்பதால் கனரக லாரிகளும், அவற்றின் காற்று பிரேக்கைப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் குறைவில்லை. டயாப்ரமோ ஹோஸோ பழுதானால் சென்னைக்கு எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய லாரியின் அச்சைக்கொண்டு டிரெய்லர் செய்யும்போது டிரம்மும் பிரேக் ஷூவும் அச்சோடு வந்துவிடும். அவற்றைக் கழற்றி இரும்புக் கடையில் போட்டுவிட்டு வெறும் அச்சைப் பூட்டுவதுபோன்ற வீண்செயல் வேறில்லை.

மின்சார பிரேக்கும் அதன் கன்ட்ரோலரும்

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியானவர்கள் பிக்கப் வண்டியின் பின்னால் டிரெய்லரைப் பூட்டிக் கால்நடையும் வைக்கோலும் கொண்டுசெல்கின்றனர். அங்கே பெரும்பாலும் வழங்குவது மின்சார பிரேக். ஒவ்வொரு சக்கரத்தின் டிரம்முக்குள்ளும் ஒரு மின்காந்தம் உண்டு. மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும் டிரம்மின் முகத்தில் ஒட்டி இழுபட்டு, ஒரு நெம்புகோலைத் திருப்பிப் பிரேக் ஷூக்களை விரிக்கிறது. எவ்வளவு மின்சாரம் செல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் சிறு பெட்டி டிரைவரின் முன்னால் இருக்கும். அதுவே கன்ட்ரோலர்.

அதில் இரண்டு வகை. ஒன்று, பிரேக் விளக்கு எரிந்தவுடன், முன்கூட்டியே வைத்த கால அளவில் மின்சாரத்தைப் படிப்படியாக ஏற்றுவது. டிரைவர் மெல்ல மிதித்தாலும் பலமாக மிதித்தாலும் அதற்கு வித்தியாசம் தெரியாது. விலை குறைவு. மற்றொன்று, வண்டி எவ்வளவு வேகமாக மெதுவாகிறது என்பதை உள்ளிருக்கும் உணர்கருவியால் அறிந்து அதே விகிதத்தில் மின்சாரம் அனுப்புவது. மெல்ல மிதித்தால் மெல்லவும், பலமாக மிதித்தால் பலமாகவும் பிடிக்கும். சுமைக்குத் தக்கபடி உச்ச அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இரு வகையிலும் உண்டு. டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால் அதன் பிரேக்கை மட்டும் தனியே பிடிக்க ஒரு கைப்பிடியும் உண்டு. அமெரிக்காவின் பல மாகாணங்களில் சுமார் 3,000 பவுண்டு, அதாவது 1,360 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். ஆஸ்திரேலியாவில் 2,000 கிலோவுக்கு மேற்பட்டால் எல்லாச் சக்கரங்களுக்கும் பிரேக் வேண்டும்; டிரெய்லர் பிரிந்துபோனால் தானே பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். டிரெய்லரிலேயே ஒரு சிறு பாட்டரியும், இழுவண்டியோடு கட்டிய கம்பியால் இயங்கும் ஒரு ஸ்விட்சும் அதற்கு உதவுகின்றன.

பெரம்பலூர்ப் பக்கத்தில் வெங்காயமும் பாலும் ஆடும் ஏற்றிச்செல்லும் பிக்கப் வண்டிகள் தம் முதுகிலேயே சுமக்கின்றன. டிரெய்லர் இழுப்பது அரிது. ஒருவர் புதிய பிக்கப் வாங்கி இலகுவான டிரெய்லரைப் பூட்ட விரும்பினால், இரண்டாம் வகைக் கன்ட்ரோலரைக் கேட்டு வாங்குவதே தகும். முதல் வகையில் மிச்சமாகும் பணம் ஒரு வளைவில் போய்விடும். டிராக்டருக்கோ மின்சார பிரேக் இந்நாளில் பொருத்தமானதன்று. 12 வோல்ட்டில் ஒரு காந்தத்துக்குச் சுமார் 3 ஆம்பியர் வீதம் நான்கு சக்கரத்துக்கு 12 ஆம்பியர் மின்சாரத்தை டிராக்டர் கொடுத்துவிடலாம்; ஆனால் வயற்சேறும் புழுதியும் புகும் டிரம்முக்குள் காந்தமும் மின்கம்பியும் நெடுநாள் உழைக்கா. மாற்றுச் சாமானும் கைக்கெட்டும் கடையில் கிடைப்பதில்லை. எனினும், அந்தக் கன்ட்ரோலர் செய்யும் காரியத்தையே டிராக்டரில் மிதியோடு இணைந்த வால்வு செய்கிறது என்பது இதனால் விளங்கும். வெறும் குழாயும் சிலிண்டரும் பிரேக் ஆகிவிடா. அளந்து கொடுக்கும் வால்வே அதன் உயிர்.

எவருக்கு எது?

முதலில் சுமையின் எடை தெரிய வேண்டும். ஊகம் உதவாது. எறையூரிலோ சாத்தமங்கலத்திலோ ஆலையில் கரும்பு இறக்கியவரிடம் எடை மேடைச் சீட்டு இருக்கும். அதில் சுமையோடு உள்ள எடையும் காலி எடையும் பதிந்திருக்கும். சுமையோடு உள்ள மொத்த எடையிலிருந்து டிராக்டரின் எடையைக் கழித்தால் பிரேக் தாங்க வேண்டிய எடை கிடைக்கும். அது பட்டறைக்காரர் வாய்மொழியாகச் சொன்ன எடையைவிடக் கூடுதலாக இருந்தால் ஆச்சரியமில்லை.

சொந்த நிலத்துக்கும் களத்துக்கும் இடையே சமதரையில், மூன்று டன்னுக்கு உட்பட்ட இரு சக்கர டிரெய்லரை ஓட்டுபவருக்குத் தள்ளு பிரேக்கும் கைப்பிரேக்கும் போதும். இரு சக்கர டிரெய்லரின் முன்பாரம் டிராக்டரின் பின்சக்கரத்தின்மேல் அழுந்துவதால் அங்கே பிடிப்பும் சற்று கூடும்.

கரும்போ மக்காச்சோளமோ ஏற்றித் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையையோ, பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் சாலையையோ தொடுபவருக்கு அது போதாது. அவருக்குக் காற்று பிரேக்கே முதற்சிபாரிசு. டிராக்டரில் தொழிற்சாலையிலேயே பொருத்திய டிரெய்லர் பிரேக் வால்வு இருக்குமாயின் ஹைட்ராலிக்கும் ஏற்கத்தக்கது. எதுவாயினும் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் இருக்க வேண்டும். செலவைக் குறைக்க ஓர் அச்சுக்கு மட்டும் போட்டால் பிடிப்பிலும் பாதிதான் கிடைக்கும். சுமைக்கும் காலிக்கும் தக்கபடி அழுத்தத்தைக் குறைக்கும் மாற்றுத் திருகு ஒன்று டிரெய்லரில் இருப்பது நலம். இல்லையேல் சுமைக்குச் சரியாயிருந்த பிரேக் ஆலையிலிருந்து காலியாகத் திரும்பும்போது சக்கரங்களைப் பூட்டிவிடும்.

மலையடிவாரத்தில் இருப்பவர் டிரம்மின் அளவையும் பார்க்க வேண்டும். 10 டன் எடையை 20 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கின் தயவிலேயே கீழே இறக்கினால், சுமார் 6 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் டிரம்களில் பிறக்கிறது. சிறிய டிரம் அவ்வெப்பத்தைத் தாங்காமல், லைனிங் வழவழத்துப் பிடிப்பை இழக்கும். ஆகையால் சரிவில் இறங்கும்போது பாதி வேலையை எஞ்சினே செய்யட்டும்: எந்தக் கியரில் அம்மேட்டில் ஏற முடியுமோ அதே கியரில் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், கிளச்சை மிதித்துக்கொண்டே இறங்குவதும் வண்டியை அவிழ்த்து விடுவதற்குச் சமம். சரிவின் நடுவில் கியர் மாற்ற முயல்வதும் அத்தகையதே. விட்ட கியர் திரும்ப விழாமல் போகலாம்.

டிராக்டர் வாங்குமுன், அந்த மாடலுக்கு மத்தியப் பிரதேசத்தில் புத்னியிலுள்ள மத்தியப் பண்ணை யந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் வெளியிட்ட அறிக்கை இருந்தால் அதைக் காட்டச் சொல்லலாம். பிரேக் சோதனையின் முடிவு அதில் இருக்கும். அச்சோதனை டிராக்டரின் சொந்தப் பிரேக்கைப் பற்றியதே. டிரெய்லருக்கு அது உத்தரவாதமாகாது. விற்பனையாளரிடம் டிரெய்லர் பிரேக் வால்வு உண்டா, கம்பிரஸர் பொருத்த இடம் உண்டா என்று தனியே கேட்டு எழுதி வாங்க வேண்டும். விவரம் வேண்டுவோர் வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளரை அணுகலாம். டிரெய்லரை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தனியே பதிவு செய்வதும், காப்பீட்டுப் பத்திரத்தில் டிராக்டரோடு டிரெய்லரையும் குறிக்கச் செய்வதும் மறக்கலாகாதவை. பின்னது விடுபட்டால் விபத்தின்போது இழப்பீடு முழுவதும் குடியானவர் தலையில் விழக்கூடும்.

பொருத்திய பின் சோதித்தல்

பட்டறையிலிருந்து வந்த டிரெய்லரைச் சுமையேற்றிச் சாலைக்குக் கொண்டுபோகுமுன், அறுவடையான ஒரு சமநிலத்தில் சோதிக்க வேண்டும். முதலில் காலியாக, 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பிரேக் போட்டுத் தரையிலுள்ள டயர்த் தடங்களைப் பார்க்கலாம். ஒரு பக்கத்தில் மட்டும் சறுக்கிய கோடு இருந்தால் அப்பக்கத்து ஷூ மிகுதியாக இறுகியிருக்கிறது. பிறகு வழக்கமான சுமையோடு காய்ந்த கட்டாந்தரையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, மிதித்த இடத்தில் ஒருவர் குச்சி நட்டு, நின்ற இடம் வரை அளக்க வேண்டும். மேலே காட்டிய கணக்கின்படி 6, 7 மீட்டர் வந்தால் நன்று. 10 மீட்டரைத் தாண்டினால் திரும்பப் பட்டறைக்கே. நிற்கும்போது டிரெய்லர் முதுகில் இடிப்பதுபோல் டிரைவருக்குத் தோன்றினால் டிரெய்லர் பிரேக் பிந்துகிறது. பின்னாலிருந்து யாரோ சுண்டி இழுப்பதுபோல் தோன்றினால் அளவுக்கு மீறி முந்துகிறது. இலேசாகப் பின்னே இழுப்பது போன்ற உணர்வே சரியானது.

காற்றுத் தொட்டியில் சேரும் நீரை அடித்திருகைத் திறந்து தினமும் வடித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் சேற்று வயலிலிருந்து ஏறியதும், சாலையைத் தொடுமுன் இரண்டு மூன்று தரம் மெல்லப் பிரேக் போட்டு ஓட்டினால் டிரம்மிலுள்ள ஈரம் உலரும். குழாய்களை ஏர்க்காலில் உராயாதவாறும், வளைவில் இழுபடாத நீளத்திலும் கட்ட வேண்டும்.

கொக்கியைப் பற்றியும் சிறிது. கட்டை வண்டிக்குக் கடையாணி எப்படியோ அப்படி டிரெய்லருக்கு இணைப்புப் பின். உடைந்த போல்ட்டையோ கடப்பாரைத் துண்டையோ அதற்குப் பதிலாகச் செருகுதல் கூடாது. தகுந்த பருமனுள்ள பின்னும், அது மேலே எழும்பாமல் தடுக்கும் கிளிப்பும், பின் போனாலும் ஏர்க்கால் தரையில் குத்தாமல் தாங்கும் இரண்டு சங்கிலிகளும் வேண்டும். சங்கிலிகளை ஏர்க்காலுக்கு அடியில் குறுக்காக மாற்றி மாட்டினால், விழும் ஏர்க்கால் அவற்றின்மேல் தங்கும். டிரெய்லர் பிரிந்தால் பிரேக்கைப் பிடிக்கச் செய்யும் கம்பியை இச்சங்கிலிகளைவிடச் சற்றே நீளம் குறைத்து, டிராக்டரின் சட்டத்தில் தனியே கட்ட வேண்டும். இணைப்புப் பின்னிலேயே கட்டினால் பின்னோடு அதுவும் போய்விடும்.

ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போதும், சரிவில் சுமை இறக்கும்போதும் கைப்பிரேக்கோடு மரத்தாலான முட்டுக்கட்டை இரண்டினைத் தாழ்வான பக்கத்துச் சக்கரங்களுக்கு வைக்க வேண்டும். கட்டையின் உயரம் டயரின் உயரத்தில் நாலில் ஒரு பங்காவது இருந்தால்தான் சக்கரம் அதன்மேல் ஏறிக் கடக்காது. அவை டிரெய்லரிலேயே ஒரு கொக்கியில் தொங்கட்டும். அரவைப் பருவம் தொடங்குமுன் நான்கு டிரம்களையும் கழற்றி, லைனிங் ரிவெட் தலைவரை தேய்ந்திருந்தால் மாற்றி, கிரீஸ் படிந்திருந்தால் அதன் சீலையும் சேர்த்து மாற்றுவது ஒரு நாள் வேலை.